இரண்டாவது ஹூக்

எங்கள் வகுப்பு நடப்பது மதுரையில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில். கீழே மிளகாய் அரைக்க ஆரம்பித்தால் மேலே எல்லோரும் சேர்ந்து தும்முவோம். வாடகை குறைவு, அதனால் வாயைத் திறப்பதில்லை. ஒரு இரும்புக் கட்டில், ஒரு கமோடு சேர், ஒரு வாக்கர், நாலு நாற்காலி, வீட்டிலிருந்து நான் கொண்டுபோன பழைய பருத்திப் புடவைகள். இவ்வளவுதான் எங்கள் கல்லூரி.

முப்பத்தோரு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயரானவள் நான். வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிற பெண்களுக்கு இங்கே சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பேட்ச் ஆறு வாரம். எட்டுப் பேர், பத்துப் பேர் வருவார்கள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர், டெய்லர், கணவர் இறந்த பிறகு முதல்முறையாக வேலைக்குக் கிளம்பும் நாற்பத்தைந்து வயதுக்காரர், பிளஸ் டூ முடித்த சின்னப் பெண் என்று கலவையாக இருக்கும்.

முதல் நாள் பாடம் கிடையாது. ஒரு டப்பாவில் மக்காச்சோளம் எடுத்துப்போவேன். ஒவ்வொருவரின் ஷூவுக்குள்ளும் ஏழெட்டு மணியைப் போட்டு நடக்கச் சொல்வேன் (ஷூ என் மகனுடையது, பழசு, எல்லார் காலுக்கும் பெரிசு). காதில் பஞ்சு. கண்ணுக்கு வாசலின் தடவிய பழைய கண்ணாடி. கையில் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை. இந்தக் கோலத்தில், போட்டிருக்கும் துணிக்கு மேலேயே ஒரு ஜாக்கெட்டை மாட்டி ஹூக்கைப் போடுங்கள் என்பேன். போன பேட்சில் இருந்த டெய்லர், வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் ஹூக் தைத்திருப்பாரோ, அவருக்கே மூன்றாவது ஹூக் வரைக்கும் வர ஆறு நிமிஷம் ஆனது. நெற்றியில் வேர்வை. பக்கத்தில் நின்ற திருமங்கலத்துக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை, கையை நீட்டி மாட்டிவிடப் போனார். டெய்லர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"விடுக்கா. நானே போட்டுக்கிறேன்."

சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது. மன்னிப்பெல்லாம் கேட்டார். நான் அதை அப்படியே போர்டில் எழுதிவைத்தேன். ஆறு வாரமும் அழிக்கவில்லை.

நம் ஊரில் ஒரு பாராட்டு உண்டு. "மாமியாரை ஒரு துரும்பைக்கூட அசைக்க விடாமத் தாங்குறா." இதைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏனென்றால் அப்படித் தாங்கியவள்தான் நானும்.

என் அப்பாவுக்கு அப்போது 82 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, இடுப்பில் நல்ல அடி, அவ்வளவுதான். மறுபடியும் விழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் கட்டிலிலேயே படுக்கவைத்தேன். பாத்ரூம் போக வேண்டாம் என்று டயப்பர் கட்டினேன். சோறு ஊட்டினேன், ஷேவ் பண்ணிவிட்டேன், பேப்பரைக்கூட நானே பிடித்துக்கொண்டு பக்கம் புரட்டினேன். நாலாவது நாள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தவரை, "எந்திரிக்காதீங்கப்பா, நான் இருக்கேன்ல" என்று திரும்பப் படுக்கவைத்தது நான்தான். வலி போய் மூன்று வாரம் கழித்து எழுப்பி நிற்கவைத்தால் முழங்கால் துவண்டு என் மேலேயே சரிந்தார். அதற்கப்புறம் பதினாலு மாதம் இருந்தார். அந்தக் கட்டிலிலேயே.

வந்த உறவெல்லாம் என்னைப் பாராட்டிவிட்டுப் போனது. நர்ஸ் மகள் வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பிற்பாடு, 2007இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வைப் பற்றிப் படித்தேன். நோய் நொடி இல்லாத வயதானவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை குறைந்திருந்தது. பத்தே நாளில். கல்லுக்குண்டு மாதிரி இருந்தவர்களுக்கே அப்படி என்றால், ஏற்கெனவே சோளத்தட்டை மாதிரி இருந்த என் அப்பாவுக்கு இருபத்தொரு நாளில் என்ன மிச்சம் இருந்திருக்கும்?

வார்டில் எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் இருந்தேன். வார்டு வேறு. அங்கே நோயைப் பார்ப்போம், சரியானதும் அனுப்பிவிடுவோம். அனுப்பிய பிறகு அந்தத் தாத்தா வீட்டில் எப்படி எழுந்தார், எப்படிக் கக்கூஸ் போனார் என்று நாங்கள் கேட்டதில்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978இலேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கிவிட்டார். கிண்டியில் 2024இல் முதியோருக்கென்றே 200 படுக்கையுடன் தேசிய மையம் திறந்திருக்கிறார்கள். எல்லாம் சந்தோஷம். ஆனால் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் பத்து நிமிஷம் பார்ப்பார். மிச்ச 23 மணி 50 நிமிஷம் என் மாவு மில் மாடியில் படித்துவிட்டுப் போகிற பெண்ணின் கையில்.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

எழுப்பி நிற்கவைப்பதற்கு மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொள்வேன். எல்லோரும் செய்வது இரண்டு விதம். எதிரே நின்று இரண்டு கையையும் பிடித்து இழுப்பது, இல்லாவிட்டால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது. இழுத்தால் அவர்கள் பயந்து பின்னால் சாய்வார்கள். அக்குளில் தூக்கினால் தோள்மூட்டுக்குக் கேடு, அதுவும் பக்கவாதம் வந்த பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். தூக்குகிறவளின் இடுப்பும் சேர்ந்து போகும்.

அதனால் முதலில் நாற்காலியில் முதுகை நேராக வைத்து உட்காருங்கள், முன்னால் ஒரு துளிகூடக் குனியாமல் எழுந்திருங்கள் என்பேன். நீங்களும் இப்போது செய்து பார்க்கலாம். முடியாது. திருமங்கலத்துக்காரம்மா முக்கி முனகிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், பெவிகால் போட்டு ஒட்டுன மாதிரில்ல இருக்கு" என்றார். குனியாமல் எழ முடியாது என்பது நமக்குத் தெரியாமலே நாம் தினமும் ஐம்பது தடவை குனிந்து எழுகிறோம். வயதானவர்கள் முன்னால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் குனிவதை நிறுத்திவிடுகிறார்கள், அதனால் எழ முடியாமல் போகிறது. அப்போது நாம் போய்த் தூக்குகிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வரச் சொல்ல வேண்டும். பாதம் தரையில் பதிந்து, முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். கை நாற்காலியின் கைப்பிடியில். அப்புறம் மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை குனிய வேண்டும். அந்த இடத்துக்கு வந்துவிட்டால் இடுப்பு தன்னால் கிளம்பும். நாம் பலவீனமான பக்கத்தில் ஒட்டி நின்று, முதுகில் ஒரு கை, முன்னால் ஒரு கை வைத்திருந்தால் போதும். பெரும்பாலும் அந்தக் கைக்கு வேலையே இருக்காது. படுத்திருப்பவர் என்றால் முதலில் எழுந்து உட்கார்ந்து இரண்டு நிமிஷம் காலைத் தொங்கப்போட வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் ராத்திரி மூன்று மணிக்கு ஒன்றுக்கு வருகிறதென்று சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண்ணைக் கட்டும். அங்கேதான் விழுவார்கள். என் அப்பாவும் அப்படித்தான் விழுந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. பாத்ரூம் தரையைத்தான் அன்றைக்கு எல்லோரும் திட்டினோம்.

இதில் சொல்லிக்கொடுக்கக் கஷ்டமான பாகம் கை வைப்பது இல்லை, கை வைக்காமல் நிற்பது. மனசுக்குள் இருபது எண்ணுங்கள், அதற்குள் அவர்களாக ஆரம்பிக்கவில்லை என்றால் உதவுங்கள் என்பேன். இருபது எண்ணுவதற்குள் தவித்துப்போவார்கள். சும்மா நிற்பது இந்தப் பெண்களுக்குப் பழக்கமே இல்லை. பிறந்ததிலிருந்து யாருக்காவது ஏதாவது செய்துகொண்டே இருந்தவர்கள்.

முழுக்கப் படுத்துவிட்டவர்கள் விஷயம் வேறு. அங்கே நாம்தான் எல்லாம் செய்ய வேண்டும், மணி பார்த்துச் செய்ய வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் எழுதிக்கொடுக்கிறார்கள். எப்படி என்று எழுதுவதில்லை. நாலாக மடித்த பருத்திப் புடவையைத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்துவைத்து, அதைப் பிடித்துத் திருப்ப வேண்டும். உடம்பைப் பிடித்து இழுத்தால் தோல் விரிப்பில் உரசி அங்கேயே புண் ஆரம்பிக்கும். முழுக்க ஒருக்களித்தும் படுக்கவைக்கக் கூடாது, இடுப்பு எலும்பு குத்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துக் கொஞ்சம் சாய்வாக. குதிகால் எதிலும் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. அன்பு மிகுந்த மகள்கள் எண்ணெய் வைத்துத் தேய்ப்பார்கள், உள்ளே நொந்துபோன சதை இன்னும் நையும். நடுவில் ஓட்டை உள்ள காற்று டியூப்பையும் தூக்கிப் போடுங்கள், அது சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

அடுத்து பாலாடை. குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு மாதிரியான அதே பாலாடையை, படுத்திருக்கிற பாட்டி வாயில் வைத்து ஊற்றுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தலை மல்லாந்திருக்கும்போது ஊற்றினால் அது வயிற்றுக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நுரையீரலுக்குப் போகும். புரையேறி இருமினால் தேவலை, சிலருக்கு இருமல்கூட வராது. நாலு நாள் கழித்துக் காய்ச்சல் வந்து நிமோனியா என்பார்கள். எங்கள் பக்கம் கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்றுகிற வழக்கம் உண்டு. சில வீடுகளில் அந்த நேரத்தைப் பாலாடையே சீக்கிரம் கொண்டுவந்துவிடுகிறது.

நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை லேசாகக் கீழே இறங்கியிருக்க, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் இறங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகு அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தண்ணீர்தான் இருப்பதிலேயே கஷ்டம், ஓடிவிடும். கூழ் பதம் சுலபம். இதைச் சொன்னபோது தீப்பெட்டி ஆபீஸ் அக்கா, "அப்ப எங்க அப்பத்தா கேப்பைக் கூழ் மட்டும் கேட்டுச்சே, அது அடம் இல்லையா சிஸ்டர்?" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கூப்பிடுகிற பேரையும் நான் பாடமாகவே வைத்திருக்கிறேன். எல்லோரையும் "பாட்டி" என்று கூப்பிடுவது மரியாதை என்றுதான் நினைக்கிறோம். என் மாணவி ஒருத்தி பார்த்துக்கொண்ட அம்மா ரிட்டயரான கணக்கு டீச்சர். மறதி நோய். பாட்டி என்றால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஒருநாள் இந்தப் பெண் தற்செயலாக "டீச்சர்" என்றாள், "யெஸ்" என்று பதில் வந்தது. அதிலிருந்து குளிக்க, சாப்பிட, மாத்திரை போட எல்லாவற்றுக்கும் "டீச்சர், பெல் அடிச்சிருச்சு" தான்.

குளியலில் எனக்கு ஒரு அனுபவம். சிவகாசிப் பக்கத்துப் பாட்டி ஒருவர், 86 வயது, மகன் வீட்டுக்கு மதுரை வந்திருந்தார். நல்ல மாதிரி. நான் அனுப்பிய பெண் ஒரு சனிக்கிழமை ஆசையாக, "எண்ணெய் தேச்சுக் குளிப்போமா அப்பத்தா, அப்புறம் இளநி தாறேன்" என்றிருக்கிறாள். பாட்டி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே போன் பண்ணினாள், என்ன தப்புச் செய்தேன் என்று. எனக்கும் முதலில் புரியவில்லை. அப்புறம்தான் பொறி தட்டியது. விருதுநகர்ப் பக்கக் கிராமங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று இருந்தது. முடியாமல் கிடக்கிற பெரியவர்களுக்கு விடிகாலையில் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிப்பாட்டி, இளநீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். அதில் உடம்பு குளிர்ந்து, காய்ச்சல் வந்து போய்விடுவார்கள். 2010இல் பேப்பரில் பெரிதாக அடிபட்டது. அந்தப் பாட்டி யாருக்கு அப்படி நடந்ததைப் பார்த்தாரோ தெரியாது, நாங்கள் கேட்கவும் இல்லை. வெந்நீரில் துண்டை நனைத்துத் துடைத்துவிடுவது, மீதி இடத்தைத் துணிக்கு அடியில் அவரே துடைத்துக்கொள்வது என்று மாற்றினோம். இளநீர் அந்த வீட்டுக்குள் வரவே இல்லை.

இன்னும் நிறைய இருக்கிறது. சுகர் குறைந்தால் வேர்ப்பதும், காரணமில்லாமல் கோபப்படுவதும். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது, நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுவது. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று உளறினால் "வயசாயிருச்சு" என்று விடாமல் சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா, புது மாத்திரையா என்று பார்க்கச் சொல்வது. எல்லாம் எழுதினால் இது புத்தகமாகிவிடும்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். ஆறு வாரம் கஷ்டப்பட்டுச் சொல்லி அனுப்பினால், போகிற வீட்டில் இரண்டாவது நாளே "அப்படியே ரெண்டு பாத்திரத்தையும் கழுவிரும்மா" என்பார்கள். பத்தாவது நாள் வீடு துடைப்பது. ராத்திரி நாலு தடவை எழுந்து புரட்டிப் போட்டவளுக்குப் பகலில் தூங்க ஒரு மணி நேரம் தரமாட்டார்கள். ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்று, பயிற்சியே இல்லாத பெண்ணுக்கு வெள்ளை கோட் மாட்டி "நர்ஸ்" என்று அனுப்பியதை நானே பார்த்தேன். சம்பளத்தில் எவ்வளவு அவர்களுக்கு, எவ்வளவு அந்தப் பெண்ணுக்கு என்று கேட்டால் போனை வைத்துவிட்டார்கள்.

அதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு. நன்றாகக் கற்றுக்கொண்ட பெண், பார்க்கச் சோம்பேறி மாதிரி தெரிவாள். தாத்தா சட்டை போட இருபது நிமிஷம் எடுத்துக்கொள்கிறார், இவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பாட்டி தட்டிலிருந்து தானே அள்ளிச் சாப்பிடுகிறார், பாதி மடியில் சிந்துகிறது, இவள் ஊட்டவில்லை. காசு கொடுக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? ஒன்றும் தெரியாத பெண் சுறுசுறுப்பாக ஊட்டி, உடுத்தி, தூக்கி உட்காரவைத்து, நல்ல பேர் வாங்கிவிட்டுப் போவாள். மூன்று மாதத்தில் பாட்டி படுத்துவிடுவார், வயசு என்று சொல்லிக்கொள்வார்கள்.

போன மாதம் அந்த டெய்லர் போயிருக்கிற வீட்டிலிருந்து போன் வந்தது. பாட்டிக்கு 79 வயது, பக்கவாதம் வந்து எழுந்தவர். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார். அவர் கிளம்பிய பிறகு மிச்ச நாளெல்லாம் அதைச் செய்யவைப்பது டெய்லரின் வேலை. மகன் வெளியூரில். ஹாலில் கேமரா வைத்திருக்கிறார், போனில் பார்த்துக்கொண்டே இருப்பார் போலிருக்கிறது.

"மேடம், நீங்க அனுப்புன பொண்ணு சும்மாவே நிக்கிது. அம்மா பாவம், இருபத்தஞ்சு நிமிஷமா ஜாக்கெட் ஹூக்கோட போராடுறாங்க. வேடிக்கை பாக்கவா சம்பளம் குடுக்குறோம்?"

அம்மா ஜாக்கெட் போடுகிற நேரத்தில் ஹாலில் கேமரா எதற்கு என்று முதலில் ஒரு பிடி பிடித்தேன். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அணைத்துவைக்கிறேன் என்றார். அப்புறம் கேட்டேன்.

"சரி தம்பி, கடைசியில யார் போட்டது?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அம்மாதான். எல்லாத்தையும் போட்டுட்டாங்க. ஆனா ரெண்டாவது ஹூக்க மூணாவது ஓட்டையில மாட்டியிருக்காங்க. அதையாவது சரி பண்ணிவிடச் சொல்லவா?"

வேண்டாம் என்றேன்.